துணிப் பாடம் யாருக்குப் பாரமாக இருந்தது?

நண்பர்களே, இந்த வாரம் பழைய நினைவுகளுக்குப் பாதி விடுமுறை. கொஞ்சம் கோபத்தோடு ஒரு விஷயம் எழுதப் போகிறேன். இரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

2022-ஆம் ஆண்டு, கொரோனாவில் அடிபட்ட பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, என்.சி.இ.ஆர்.டி. தன் பாடப் புத்தகங்களில் கத்தரி வைத்தது. வரலாற்றுப் புத்தகத்தில் முகலாயர் பகுதி போனதற்குத் தொலைக்காட்சியில் மாலைதோறும் சண்டை நடந்தது. பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் போனதற்கு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். நியாயம்தான். ஆனால் அதே கத்தரியில் இன்னொன்றும் விழுந்தது. ஆறாம் வகுப்பில் பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி என்ற பாடம். ஏழாம் வகுப்பில் கம்பளியும் பட்டும். எட்டாம் வகுப்பில் செயற்கை இழைகளும் பிளாஸ்டிக்கும். மூன்று வகுப்பிலும் மூன்று பாடங்களும் போயின. துணிக்காக ஒரு கையெழுத்து விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பிறகு வந்த ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புதிய அறிவியல் புத்தகங்களிலும் துணிக்கென்று தனிப் பாடம் இல்லை. இதற்கிடையில் நம் புதுவை அரசுப் பள்ளிகளும் மத்திய பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆக, இது டெல்லிக்காரர் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிப் போக முடியாது. நம் தெருப் பிள்ளைகளின் சமாச்சாரம் இது.

என் பேத்தி எட்டாம் வகுப்பு முடித்தவள். "பட்டு நூலைக் கொளுத்தினால் என்ன வாசனை வரும், சொல்லு?" என்று கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு சிலபஸ்லயே இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை பொய் சொல்லவில்லை. கோபம் அவள் மேல் இல்லை.

என் வாதம் சின்னது. பத்தாவதோடு படிப்பை நிறுத்துகிற பிள்ளைக்கும் வாழ்நாள் முழுக்க உடம்பை ஒட்டியே வருகிற வேதியியல் ஒன்று உண்டென்றால் அது துணிதான். அதை எடுத்தது சுமைக் குறைப்பு இல்லை. இலையில் சோற்றை எடுத்துவிட்டு ஊறுகாயை விட்டுவைத்த கதை. அந்தப் பாடம் திரும்ப வர வேண்டும். வெறும் பாடமாக வந்தாலும் போதாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் நூலைக் கொளுத்திப் பார்க்கிற சோதனையோடு வர வேண்டும்.

சோதனை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவையானவை: ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இடுக்கி, ஒரு தட்டில் மணல், ஒரு குவளைத் தண்ணீர், தையற்கடையில் கூட்டித் தள்ளுகிற துண்டுத் துணிகள். அவ்வளவுதான். ஒரு வகுப்புக்கு ஆகும் செலவு ஆசிரியர்கள் குடிக்கும் ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும்.

பருத்தி நூலை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். உடனே பற்றும். மஞ்சள் சுடர். வெளியே எடுத்தாலும் எரிந்துகொண்டே போகும், அணைந்த பிறகும் முனையில் கங்கு நிற்கும். காகிதம் எரிகிற வாசனை. மிஞ்சுவது ஊதினால் பறக்கிற சாம்பல்.

பட்டு நூல் அப்படி இல்லை. சுடரைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும். மெதுவாக எரியும், வெளியே எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். தலைமுடி கருகிய நாற்றம். முனையில் ஒரு கறுப்பு மணி நிற்கும், விரலால் நசுக்கினால் பொடியாகும். கம்பளியும் இதே ஜாதிதான், நாற்றம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பாலியஸ்டர் சுருங்கும், உருகும், கரும்புகை விடும், சொட்டும். வாசனை ஒரு மாதிரி இனிப்பாக, ரசாயனமாக இருக்கும். ஆறிய பிறகு முனையில் நிற்கிற மணியை நசுக்கிப் பாருங்கள். நசுங்காது. கல் மாதிரி இருக்கும். நைலானும் உருகிக் கெட்டி மணியாகும், ஆனால் வாசனை வேறு.

ரேயான்தான் குறும்புக்காரன். பட்டு மாதிரி மினுக்குவான், நெருப்பில் பருத்தி மாதிரி எரிவான், காகித வாசனை அடிப்பான். அவனைப் பிடிக்க நெருப்பு போதாது, தண்ணீர் வேண்டும். நூலை நாக்கில் நனைத்து இழுத்தால் ரேயான் பொட்டென்று அறும். பருத்தி நனைந்தால் இன்னும் பலமாகும்.

இது ஏதோ மந்திரவாதி வித்தை என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது முழுக்க வேதியியல். பட்டும் கம்பளியும் நம் தலைமுடியும் புரதம், அதனால் ஒரே நாற்றம். பருத்தியும் காகிதமும் ரேயானும் செல்லுலோஸ், அதனால் ஒரே வாசனை. பாலியஸ்டரும் நைலானும் பெட்ரோலியத்திலிருந்து வருகிற பிளாஸ்டிக், அதனால் உருகுகின்றன. பாலியஸ்டர் ஏறக்குறைய 250 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்தி உருகவே உருகாது, கருகும். 'பலபடி' என்ற சொல்லைப் பலகையில் எழுதி நாற்பது நிமிஷம் விளக்கினாலும் ஏறாதது, அந்தக் கறுப்பு மணியை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்க்கிற ஒரு நொடியில் ஏறிவிடும்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அங்கே சின்ன வகுப்புகளில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடவேளை உண்டு. பொருட்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1882-இல் ஜூல் ஃபெரி காலத்துப் பாடத்திட்டத்திலேயே இடம்பிடித்த முறை அது. முதலில் பொருள் மேசைக்கு வரும், பிறகுதான் அதன் பெயர் பலகைக்கு வரும். உப்பு, கடற்பஞ்சு, சுண்ணாம்புக்கல், மெழுகு, கம்பளி. தொட்டுப் பார், முகர்ந்து பார், பிறகு வாயைத் திற என்பதே சட்டம்.

1960-களின் தொடக்கம் என்று நினைவு. எங்கள் மிசியே "நாளைக்கு ஆளுக்கொரு நூல் கொண்டுவாருங்கள்" என்றார். ஆலைத் தொழிலாளி வீட்டுப் பையன்கள் கழிவுப் பஞ்சு கொண்டுவந்தார்கள். ஒருவன் பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து நூல் உருவி வந்தான். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் நைலான் சட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, சாயங்காலம் வீட்டில் உதை வாங்கினான். எங்களில் பலர் நைலானை முதலில் பார்த்தது அன்றுதான், அதுவும் நெருப்பில். சொட்டுச் சொட்டாக அது மணலில் விழுந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த வருஷம் நெட்டுரு போட்ட பிரெஞ்சு அரசர் பட்டியலில் பாதி போய்விட்டது, பட்டின் நாற்றம் போகவில்லை.

இதில் ஒரு பிரெஞ்சு வேடிக்கையும் உண்டு. செயற்கைப் பட்டு என்ற சங்கதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே ஒரு பிரெஞ்சுப் பிரபு, கோமான் ஷார்தொனே. 1884-இல் காப்புரிமை வாங்கி, 1889 பாரிஸ் கண்காட்சியில் ஊரே வாய் பிளக்கக் காட்டினார். பார்க்கப் பட்டேதான். ஆனால் அது நைட்ரோசெல்லுலோஸ், துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. பட்டென்று பற்றிக்கொள்ளும். அதன் நைட்ரேட்டை நீக்கி அடக்கிய பிறகுதான் உடுத்துகிற துணியாக அது நிலைத்தது. கண் ஏமாறும், நெருப்பு ஏமாறாது என்பதற்குத் துணி வரலாற்றின் அந்த அத்தியாயமே சாட்சி.

நம் ஊருக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கம். புதுச்சேரியின் நீலத் துணி, பிரெஞ்சுக்காரர் 'கினே' என்று அழைத்தது, அவுரிச் சாயம் தோய்த்துக் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வியாபாரத்தில் அதுவே நாணயமாகப் புழங்கியது. பிரான்சிலேயே அதைப் போலச் செய்து விற்கப் பார்த்தார்கள். பாலைவனத்து மூர் வியாபாரிகள் துணியைத் தடவி, முகர்ந்து, எது நம்முடையது, எது போலி என்று பிரித்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒட்டகக்காரனுக்கு நம் துணியை மூக்கால் அடையாளம் தெரிந்தது. அதை நெய்த ஊரின் பிள்ளைக்கு இன்று தெரியவில்லை.

ரோடியர் மில், சவானா மில், கெப்ளே மில் என்று மூன்று ஆலைச் சங்குகளை வைத்துக் கடிகாரம் பார்த்த ஊர் இது. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானாவில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்த ஊர். அவர்கள் பேரன்களின் பள்ளிக்கூடத்தில் பஞ்சு என்ற சொல்லே பாடமாக இல்லை. ரோடியர் மில்லும் 2020-இல் மூடப்பட்டாயிற்று. ஆலை போனது பொருளாதாரம் என்பீர்கள். அறிவும் ஏன் சேர்ந்து போக வேண்டும்?

சரி, தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில் வைத்திருக்கிறேன்.

முதல் பதில் அடுப்படியில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பாலியஸ்டர் நைட்டியோடு அடுப்பில் நிற்கிறார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் மினுமினுக்கும் பிளாஸ்டிக் துணியைப் போட்டுக்கொண்டு சாட்டை சுழற்றுகிறார்கள். பருத்தியும் எரியும், சீக்கிரமே எரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் செயற்கைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உருகிய பிறகும் சூட்டை விடாது. இரண்டும் கலந்த துணி இன்னும் மோசம். பருத்தி திரியாக நிற்கும், பாலியஸ்டர் மெழுகாக உருகி அந்தத் திரிக்கு ஊட்டும். கிட்டத்தட்ட ஒரு மெழுகுவர்த்தியை உடுத்திக்கொண்ட மாதிரி. சமையலறையிலும் ஆய்வகத்திலும் செயற்கைத் துணி உடுத்தாதீர்கள் என்று அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கத்தரியில் அந்த எச்சரிக்கையும் சேர்ந்து போயிற்று. மணலில் சொட்டிய நைலானைக் கண்ணால் பார்த்த பெண், அடுப்புப் பக்கம் போகுமுன் உடுப்பை மாற்றுவாள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதும் அவளுக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது பதில் உடம்பில் இருக்கிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற சக்தி துணிக்குத் துணி வேறு. சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதம் ஈரத்தை வைத்திருக்கும். பட்டு சுமார் பதினொன்று. நைலான் நான்கு. பாலியஸ்டர் அரை சதம்கூட இல்லை, 0.4 அளவுதான். சித்திரை வெயிலில், கடற்காற்றின் புழுக்கத்தில், மின்விசிறி ஓடாத வகுப்பில், பாலியஸ்டர் கலந்த சீருடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகில் வேர்க்குரு வந்தால் பவுடர் போடுகிறோம். துணியைக் கேள்வி கேட்பதில்லை. இதற்கும் அந்தப் பழைய பாடத்தில் ஒரு சோதனை இருந்தது: ஒரே அளவில் இரண்டு துணி, ஒன்று பருத்தி, ஒன்று செயற்கை. இரண்டு குவளையில் ஒரே அளவு தண்ணீர். ஐந்து நிமிஷம் ஊறவைத்து எடுத்து, எதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம், வெயிலில் எது முதலில் காய்கிறது என்று பார்ப்பது. இதற்கு நெருப்பும் வேண்டாம்.

சீருடை என்றதும் ஒரு கோப்பு ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், சீருடைத் துணி கொள்முதல் கோப்பு என் மேசை வழியாகப் போனது. 'பாலியஸ்டர் 67 சதம், பருத்தி 33 சதம்' என்று நிபந்தனை. அரக்கு முத்திரை வைத்த மாதிரித் துணி கோப்பில் குத்தியிருந்தது. வந்து இறங்கிய துணியைத் தொட்டதுமே எனக்குச் சந்தேகம். "ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்போம் சார்" என்றேன். மேலதிகாரி சிரித்துவிட்டு, "கோப்பைக் கொளுத்திவிடாதீர்" என்றார். நெருப்பு 67-ஆ 80-ஆ என்று கணக்குச் சொல்லாது, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருத்தி இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதை அரை நிமிஷத்தில் சொல்லும். மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அறிக்கை திரும்பி வருவதற்குள் துணி தைக்கப்பட்டுப் பிள்ளைகள் முதுகில் ஏறியிருந்தது. அறிக்கை கோப்பில் சேர்க்கப்பட்டது. 'பார்த்தேன், வைக்கவும்' என்று குறிப்பும் எழுதப்பட்டது. அந்த அறையில் இருந்த ஏழெட்டுப் பட்டதாரிகளில் ஒருவராவது பள்ளியில் நூலைக் கொளுத்திப் பார்த்தவராக இருந்திருந்தால், என் பேச்சு நகைச்சுவையாக எடுபட்டிருக்காது.

மூன்றாவது பதில் பணப்பையில் இருக்கிறது. 'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலைநயமான பட்டு என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம் ஐயா அது! சாஃப்ட் சில்க், செமி சில்க், சில்க் காட்டன் என்று விதவிதமான பெயர்கள். இவற்றில் சில நிஜமான பட்டு. சிலவற்றில் பட்டுப்புழுவின் எச்சில்கூட இல்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இலிருந்து 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறது, நல்ல ஏற்பாடு, கேட்டு வாங்குங்கள். ஆனால் முத்திரை இல்லாமல் விற்கிற இடம்தான் அதிகம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எந்த முத்திரையைத் தேடுவீர்கள்? புடவை ஓரத்தில் ஒரு இழை உருவி வந்தால் போதும். அதிலும் பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று இரண்டு இழை உருவ வேண்டும். பாவுக்குப் பட்டும் ஊடைக்குப் பாலியஸ்டரும் போட்ட துணி உண்டு. நெசவாளிக்கு இது தெரியும். பல்லாயிரம் கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம்தான் வியாபாரம் சுலபம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அலுவலக வழக்கப்படி வரிசையாகவே குறிப்பு எழுதுகிறேன்.

'பிள்ளைகள் கையில் நெருப்பா, ஆபத்து!' இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு விரல் நீள நூல் போதும், துணித் துண்டு கூடாது. இடுக்கி கட்டாயம். கீழே மணல், பக்கத்தில் தண்ணீர். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். முடி கட்டியிருக்கட்டும், துப்பட்டா பெஞ்சில் இருக்கட்டும். மூக்கைப் புகைக்குள் விடாமல் கையால் விசிறி முகர வேண்டும். ஆசிரியர் முதலில் செய்து காட்டி, பிறகு நான்கு நான்கு பேராக. இப்படிச் செய்கிற பிள்ளை நெருப்புக்கு மரியாதை கற்றுக்கொள்கிறது. வீட்டில் குத்துவிளக்கு ஏற்றவும், பொங்கல் அடுப்பு மூட்டவும், பட்டாசு கொளுத்தவும் நாம் அதே பிள்ளையை அனுப்புகிறோம், இடுக்கியும் மணலும் இல்லாமல். பள்ளியில் மட்டும் ஆபத்தா?

'வீடியோவில் காட்டிவிடலாம், ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறது.' திரையில் பட்டு எரியும், நாற்றம் வருமா? மணி நசுங்குகிறதா என்று திரையை நசுக்கிப் பார்ப்பதா? இந்தச் சோதனையில் கண்ணுக்கு வேலை பாதிதான். மீதி மூக்குக்கும் விரலுக்கும். வீடியோ பார்த்து நீச்சல் கற்ற எவனையும் நான் வீராம்பட்டினத்துக் கடலில் இறக்கிவிட மாட்டேன்.

'செய்முறை நோட்டில்தான் எழுதுகிறார்களே!' இதுதான் எனக்கு அதிகம் பற்றிக்கொண்டு வருகிற பதில். பாடம் இருந்த காலத்திலேயே பல இடங்களில் சோதனை நடக்கவில்லை. 'கருகிய முடியின் மணம் வந்தது' என்று வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கி, மதிப்பெண்ணும் வாங்கினார்கள். முகராத வாசனையை முகர்ந்ததாக எழுதப் பழக்குவது அறிவியலா? பொய்ச் சாட்சிப் பயிற்சி அது. பன்னிரண்டு வயதில் பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திடப் பழகியவன், நாற்பது வயதில் வந்து இறங்காத சரக்கு வந்ததாகக் கையெழுத்திடுவான். அப்படிப்பட்ட கையெழுத்துகளை முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் பார்த்தவன் சொல்கிறேன்.

'பாடச் சுமை.' மூன்று பாடங்களின் பக்கங்கள் குறைந்தன, உண்மை. எடுத்த இடத்தில் மிஞ்சியவை எவை என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பற்றிப் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற, உடம்பில் இருக்கிற, கழற்றினால் கையில் வருகிற ஒரு பொருளில் தொடங்கி அங்கே போக வழி இருந்தது. வழியை அடைத்துவிட்டுப் பிள்ளை ஊர் போய்ச் சேரவில்லை என்று குறை சொல்கிறோம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி வரும் என்று தெரியும். "ஆகா, கதர்தான் நல்லது, செயற்கையெல்லாம் விஷம் என்று சொல்ல வருகிறீர்கள்" என்று சில நண்பர்கள் தோளில் கை போட வருவார்கள். மன்னிக்கவும், அந்தக் கட்சியிலும் நான் இல்லை. மீனவக் குப்பங்களில் பெரியவர்களைக் கேளுங்கள். பருத்தி வலையை நாளும் காயவைத்து, மரப்பட்டைச் சாயம் ஏற்றி, இருந்தும் மக்கிப் போகிற பாட்டைச் சொல்வார்கள். நைலான் வலை வந்தது அவர்களுக்கு விடுதலை. துவைத்து உதறினால் காய்கிற, இஸ்திரி கேட்காத டெரிலின் சட்டை ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க அலுவலகம் போன குமாஸ்தாக்கள் நாம், மறந்துவிட்டோமா? பழைய பாடத்தில் இழைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. பருத்தி, கம்பளி, பட்டு, நைலான் எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டினால் நைலானின் பலம் தானே தெரியும். சோதனை கட்சி சேராது. எது எதற்கு ஏற்றது என்று சொல்லும். வலைக்கு நைலான், அடுப்படிக்குப் பருத்தி. இந்தப் பாகுபாடு தெரிவதற்குப் பெயர்தான் அறிவு. செயற்கையைத் திட்டுவதும் விளம்பரத்தை நம்புவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள்.

எனவே, கல்வித் துறை மேலிடத்துக்கு ஒரு கடைநிலை எழுத்தரின் பணிவான, ஆனால் பின்வாங்காத கோரிக்கைகள்:

ஒன்று, துணிப் பாடத்தை ஏதாவது ஒரு வகுப்பிலாவது திரும்ப வையுங்கள். மூன்று வகுப்பு வேண்டாம், ஒன்று போதும்.

இரண்டு, டெல்லியிலிருந்து புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருஷத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்க ஒரு சுற்றறிக்கை போதும். சுற்றறிக்கை போடுவதில் நமக்கு உலகத்தரம் உண்டு.

மூன்று, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நூல் ஈரமாக இருந்து பற்றவில்லை என்றால் 'பற்றவில்லை' என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

நான்கு, சோதனைக்கு வருகிற நூல்களில் அவர்கள் சீருடையின் நூலும் ஒன்றாக இருக்கட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் பேரப்பிள்ளைகளுக்காகப் போகிறவர்களில் பாதிப் பேர் நாம்தான். மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு எழுந்து வராமல், "ஆய்வகத்தை இந்த வருஷம் எத்தனை நாள் திறந்தீர்கள் அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டு வாருங்கள். ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற தொனி வேண்டாம். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று அவர்கள் முதுகிலும் போதுமான மூட்டை இருக்கிறது. "துண்டுத் துணி நான் கொண்டுவந்து தருகிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பரண்களில் இல்லாத துணியா? கிழிந்த கல்யாணப் பட்டு, பூச்சி அரித்த கம்பளிச் சால்வை, நைலெக்ஸ் புடவை, டெரிகாட்டன் பேண்ட், ரோடியர் மில் போர்வை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழம் கத்தரித்துக் கொடுத்தால் ஒரு பள்ளிக்குப் பத்து வருஷம் வரும். இரண்டு வாரத்துக்குள் என்னிடம் பேச்சுக் கொடுக்கிறவர்களோடு சேர்ந்து முதல் பையை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

வாங்கிக்கொள்ள மறுத்தால் அதையும் இங்கே எழுதுவேன்.